பள்ளி எல்லைக்கோடு நகர்ந்தால் வீட்டு விலை என்ன ஆகும்? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் வீடு வாங்கும், விற்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்தும், ஊரிலிருந்தபடியே பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும் பெற்றோரிடமிருந்தும் இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கியமானவை இங்கே.

கேள்வி: மகன் டெக்சஸில் வீடு பார்க்கிறான். வாசல் எந்தத் திசை என்றுகூடக் கேட்பதில்லை. ‘எந்த ஸ்கூல் ஸோன்’ என்பதையே பேசுகிறான். பள்ளிக்கும் வீட்டு விலைக்கும் அப்படி என்ன சம்பந்தம்? (கோயம்புத்தூர் வாசகர்)

நம்மூரில் ஃபீஸ் கட்ட முடிந்தால் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியிலும் சேர்க்கலாம். வேன் வாசலுக்கே வரும். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது கட்டணமில்லாத அரசுப் பள்ளியில். எந்தப் பள்ளி என்பதை வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. அதனால் நல்ல பெயர் எடுத்த பள்ளிக்குப் போக ஆசைப்படுபவர்கள், அந்தப் பள்ளிக்குரிய தெருக்களில் வீடு தேடுகிறார்கள். விலை அங்கே ஏறுகிறது.

இதில் இரண்டு கோடுகள் உண்டு. வெளிக்கோடு, பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகம்; டெக்சஸில் இதை ஐ.எஸ்.டி. என்பார்கள்) எல்லை. இது நகராட்சி எல்லையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஃபிரிஸ்கோ நகரத்துக்குள்ளேயே சில பகுதிகள் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் இல்லை, பிராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் மாவட்டங்களில் இருக்கின்றன. பிளேனோ நகரத்தின் ஒரு பகுதி ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் வருகிறது. ஆக, ஊர்ப் பெயரை நம்பக் கூடாது. இந்த வெளிக்கோடு அபூர்வமாகத்தான் மாறும்.

உள்கோடு, மாவட்டத்துக்குள் ஒவ்வொரு பள்ளிக்கும் பிரித்துக் கொடுத்த பகுதி. எலிமெண்டரி, மிடில், ஹை ஸ்கூல் என்று மூன்றுக்கும் தனித்தனி வரைபடம். புதுப் பள்ளி திறந்தாலோ, பழையது மூடினாலோ, ஒரு பள்ளி நிரம்பி வழிந்தாலோ பள்ளி வாரியம் கூடி வாக்கெடுத்து இதை மாற்றும். மகன் கவலைப்படுவது இந்தக் கோட்டைப் பற்றி. கவலை நியாயமானதுதான். வாங்கும்போது இருக்கும் கோடு, பேரக்குழந்தை ஹை ஸ்கூல் போகும்போது அங்கேயே இருக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

கேள்வி: ஸில்லோ என்ற வீட்டு விற்பனை இணையதளத்தில் வீட்டுக்குக் கீழே மூன்று பள்ளிகளின் பெயரும் ரேட்டிங்கும் போட்டிருக்கிறது. அதை நம்பி ஒப்பந்தம் போடலாமா? (ஃபிரிஸ்கோ வாசகி)

கூடாது. அந்தத் தளமே ‘மாவட்டத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள்’ என்று பொடி எழுத்தில் சொல்கிறது. டெக்சஸில் ஒப்பந்தம் போட்டபின், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ள ஆப்ஷன் பீரியட் என்று, பெரும்பாலும் 7 முதல் 10 நாள் கிடைக்கும். கூரை, அஸ்திவாரம் பார்க்க ஆள் அனுப்பும் அதே நாட்களில் இந்த வேலையையும் முடித்துவிடுங்கள்.

முதலில் மாவட்ட இணையதளத்தில் ‘ஸ்கூல் லொகேட்டர்’ பகுதிக்குப் போய் கதவு எண்ணோடு முழு முகவரியைப் போடுங்கள். தெருப் பெயர் மட்டும் போதாது. கோடு பல இடங்களில் சாலையின் நடுவே ஓடும். ஒற்றைப்படை எண் வீடுகள் ஒரு பள்ளிக்கும், எதிர்வரிசை இன்னொன்றுக்கும் போகும். எந்தக் கல்வியாண்டுக்கான தகவல் என்பதையும் பாருங்கள். அடுத்த ஆண்டு வரைபடம் தனியாக இருந்தால் உங்களுக்கு வேண்டியது அதுதான்.

பிறகு மாணவர் ஒதுக்கீட்டைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று கேள்விகள்: இந்த முகவரிக்கு இப்போதைய பள்ளிகள் எவை; அடுத்த ஆண்டுக்கு வாரியம் ஒப்புக்கொண்ட மாற்றம் ஏதும் உண்டா; இந்த மூன்றில் எதிலாவது புதிதாகக் குடிவருபவர்களுக்கு இடம் இல்லையா. மூன்றாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. ஸோனுக்குள் வீடு வாங்கியும், வகுப்பு நிரம்பிவிட்டதால் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலும் உண்டு, வட கரோலினாவின் கேரியிலும் உண்டு. கேரி இருக்கும் வேக் கவுண்டியில் நிரம்பிய பள்ளிக்கு ‘கேப்’ (சேர்க்கை வரம்பு) போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு குடிவரும் குடும்பத்துக்கு, இடம் இருக்கும் வேறொரு ‘ஓவர்ஃப்ளோ’ பள்ளி. விற்றவரின் பிள்ளை படித்த இடம் உங்கள் பிள்ளைக்கு வந்து சேராது.

இதுவரை சொன்னது இன்றைய நிலையை அறிய. நாளைக்கு என்ன நடக்கும் என்று கணிக்க மக்கள்தொகை நிபுணரின் அறிக்கையைப் படிக்க வேண்டும். வளரும் மாவட்டங்கள் இதை அவ்வப்போது தயாரித்து வாரியத்தின் முன் வைக்கும், இணையதளத்திலும் கிடைக்கும். ஒவ்வொரு பள்ளிக்கும் எத்தனை இருக்கை, இப்போது எத்தனை பேர், வரும் ஆண்டுகளில் எத்தனை பேர் என்று அட்டவணை இருக்கும். 700 இருக்கையில் 800 பிள்ளைகள் என்றால் 114 சதவீதம். இது 120-ஐத் தாண்டினாலோ 70-க்குக் கீழே போனாலோ, அந்தக் கோடு நகரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தின் ஓரம் தற்காலிக வகுப்பறைக் கொட்டகைகள் வரிசையாக நின்றால் அறிக்கை படிக்காமலே விஷயம் புரிந்துவிடும்.

அதே அறிக்கையில், ஒரு புது வீட்டுக்குச் சராசரியாக எத்தனை மாணவர்கள் என்ற எண்ணும் இருக்கும். அது 0.4 என்றால், பக்கத்து வயலில் எழும்பப்போகும் 400 வீடுகளிலிருந்து 160 பிள்ளைகள் வருவார்கள். எலிமெண்டரி பள்ளியில் இது ஏழெட்டு வகுப்பறை.

முடிவாக, வரைபடத்தில் உங்கள் வீடு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் தெருக்களை வாரியம் சாமானியமாகத் தொடாது. ஸோனின் விளிம்பில், பெரிய சாலைக்கு அந்தப்புறம் தனித்து நிற்கும் குடியிருப்புகள்தாம் முதலில் போகும். புதுக் குடியிருப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். பில்டரின் விற்பனை அலுவலகத்தில் மாட்டியிருக்கும் பள்ளிப் பெயர் பல நேரம் தற்காலிக ஒதுக்கீடுதான். பக்கத்தில் பள்ளி கட்டியதும் மாறிவிடும்.

ஏஜென்டிடம் ‘நல்ல ஸ்கூலா?’ என்று கேட்டால் மழுப்புவார். தகவலை மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். 1968-ன் வீட்டுவசதிச் சமவாய்ப்புச் சட்டத்தின்படி வாங்குபவரை ஒரு பகுதிக்குத் தள்ளுவதோ, ஒரு பகுதியிலிருந்து விலக்குவதோ கூடாது. அந்தப் பயத்தால் பள்ளியைத் தரம்பிரித்துப் பேச மாட்டார்கள்.

ஹை ஸ்கூல் மாறிவிடுமோ என்பதுதான் பெரிய பயம் என்றால், ஒரே ஹை ஸ்கூல் வைத்திருக்கும் மாவட்டத்தைப் பாருங்கள். ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி. ஒரு ஹை ஸ்கூலுக்கு ஏறக்குறைய 2,100 பேர் என்ற கொள்கையில் பள்ளிகளைக் கட்டிக்கொண்டே போனது; ஒவ்வொன்று திறக்கும்போதும் கோடு மாறியது. பக்கத்து ஆலன் ஐ.எஸ்.டி.யில் ஒரே ஹை ஸ்கூல், 5,000-க்கும் அதிகமான மாணவர்கள். கூட்டம் அதிகம்தான், ஆனால் அந்த ஹை ஸ்கூலிலிருந்து உங்கள் தெருவைப் பிரிக்க இன்னொரு பள்ளி கிடையாது.

கேள்வி: எங்கள் காலனியை வேறு ஹை ஸ்கூலுக்கு மாற்ற வரைவு வெளியாகியிருக்கிறது. வீட்டு விலை ஒரு லட்சம் டாலர் போய்விடும் என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். மாறுவதற்குள் விற்றுவிடலாமா? (கேரி வாசகர்)

அவசரப்பட வேண்டாம். இந்தக் கேள்வியைப் பொருளாதார ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து பார்த்திருக்கிறார்கள்.

பாஸ்டன் புறநகர்களில், ஒரே மாவட்டத்துக்குள் எலிமெண்டரி பள்ளிக் கோட்டின் இரு பக்கமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டு சாண்ட்ரா பிளாக் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையானது. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்று அவர் கண்டார். 5 லட்சம் டாலர் வீட்டில் இது 12,500 டாலர். சிறிய தொகை இல்லை. ஆனால் அவசரத்தில் விற்றால் ஏஜென்ட் கமிஷன், இடமாற்றச் செலவு, புதுக் கடனின் வட்டி எல்லாம் சேர்ந்து இதைத் தாண்டிவிடும்.

உங்கள் மாநிலத்தின் ஷார்லட் நகரம் இருக்கும் மெக்லன்பர்க் கவுண்டியில், 1994 முதல் 2001 வரையிலான விற்பனைகளை வைத்து தாமஸ் கேனும் வேறு இரு ஆய்வாளர்களும் செய்த ஆய்வு இன்னும் உபயோகமானது. கோட்டின் இரு பக்கமும் விலை வித்தியாசம் இருந்தது உண்மை. ஆனால் பள்ளிக்குப் பள்ளி வீட்டு விலையை மேலோட்டமாக ஒப்பிட்டால் தெரியும் வித்தியாசத்தில் கால் பங்குதான் பள்ளியால் வந்தது. மீதி, வீட்டின் தரமும் சுற்றுப்புறமும். வாட்ஸ்அப் குழுவின் ஒரு லட்சம் எப்படி வந்திருக்கும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்: அந்தப் பக்கம் 2,000 சதுர அடி பழைய வீடு, இந்தப் பக்கம் 3,200 சதுர அடி புது வீடு, வித்தியாசம் முழுவதையும் பள்ளிக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

கனடாவின் வான்கூவரில் பள்ளி எல்லைகள் மாறியபோது நடந்த விற்பனைகளை ஆராய்ந்தவர்கள், தாக்கம் தெளிவாகத் தெரிந்தது மிக விலை உயர்ந்த கால் பகுதி வீடுகளில்தான் என்று கண்டார்கள். ஒஹாயோவின் ஷேக்கர் ஹைட்ஸில் 1987-ல் நடந்த பள்ளி மறுசீரமைப்பின் பாடம் வேறு. அருகிலிருந்த பள்ளியோடு தொடர்பு அறுந்த வீடுகளின் விலை, மற்றவை சமமாக இருக்கும்பட்சத்தில், 9.9 சதவீதம் குறைந்தது. பள்ளிப் பேருந்து வசதி கொடுத்தது அந்த இழப்பில் ஒரு பங்கை ஈடுகட்டியது. அதாவது, பிள்ளை நடந்து போய் வந்த பள்ளி கைவிட்டுப் போவதற்கே ஒரு விலை இருக்கிறது. ஆகவே உங்கள் வரைவில் முதலில் பார்க்க வேண்டியது புதுப் பள்ளியின் தூரத்தையும், பேருந்து உண்டா என்பதையும். ரேட்டிங்கைப் பிறகு பார்க்கலாம்.

சந்தையில் பெரும்பாலும் சேதம் செய்வது நிச்சயமின்மைதான். வரைவு வெளியாகி வாக்கெடுப்பு முடியும்வரை பள்ளிக்காகத் தேடுபவர்கள் அந்தத் தெருக்களைத் தள்ளி வைப்பார்கள். அந்த மாதங்களில் விற்பவர்தான் மலிவாக விற்பார். வரைவு பலமுறை திருத்தப்படும். முதல் வரைவில் இருந்த காலனி கடைசி வரைவில் இல்லாமலும் போகும். கட்டாயம் இல்லையென்றால் வாக்கெடுப்பு முடிந்து ஒரு வசந்தகால விற்பனைப் பருவம் கடக்கட்டும். பிறகு, புது ஸோனில் உங்கள் வீட்டைப் போன்ற அளவும் வயதும் உள்ள மூன்று வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள்.

கேள்வி: எங்களை மாற்றுவது புதிதாகத் திறக்கும் பள்ளிக்கு. அதற்கு ரேட்டிங்கே இல்லை. விலை விழாதா? (அட்லாண்டா அருகே, ஃபோர்சைத் கவுண்டி வாசகி)

பள்ளிக் கட்டடம் மதிப்பெண் வாங்குவதில்லை. அதற்குள் போகும் பிள்ளைகள் வாங்குகிறார்கள். உங்கள் கவுண்டியில் 2018-ல் டென்மார்க் ஹை ஸ்கூல் திறந்தபோது அங்கே போனவர்கள் ஏற்கெனவே சவுத் ஃபோர்சைத், வெஸ்ட் ஃபோர்சைத் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்த, அதே தெருக்களின் பிள்ளைகள். முதல் இரண்டு ஆண்டுகள் ரேட்டிங் கட்டம் வெறுமையாக இருக்கும். அந்த இடைவெளியில் விற்க நேர்ந்தால், புதுப் பள்ளிக்கு மாணவர் அனுப்பும் மிடில் ஸ்கூலின் மதிப்பெண்களை விளம்பரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டுகளில் ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள், ஆர்கெஸ்ட்ரா, சில விளையாட்டு அணிகள் முழுமையாக இருக்காது என்பதுதான் உண்மையான குறை. பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: மகள் 10-ஆம் வகுப்பு. கோடு மாறினால் நடுவில் பள்ளி மாற வேண்டுமா? தம்பி 7-ஆம் வகுப்பில் இருக்கிறான். (சான் ஹோசே வாசகர்)

பெரும்பாலான மாவட்டங்கள் மேல் வகுப்பு மாணவர்களை, குறிப்பாக 12-ஆம் வகுப்பினரை, பழைய பள்ளியிலேயே முடிக்க விடும். 11-ஆம் வகுப்பினருக்கும் பல இடங்களில் உண்டு. மகள் அடுத்த ஆண்டு 11 என்பதால் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தானாக வராது: விண்ணப்பம் போட வேண்டும், கெடு சில வாரங்கள்தான், வாக்கெடுப்பு முடிந்த கையோடு தொடங்கிவிடும். அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் போய்த் தவறவிட்டவர்கள் நிறைய. தங்கியிருக்க அனுமதி கொடுத்தாலும் பேருந்து பெரும்பாலும் கிடைக்காது. இரண்டு ஆண்டு காலையும் மாலையும் நீங்கள்தான் கொண்டுவிட வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதை முதலில் கணக்குப் போடுங்கள்.

தம்பியின் விஷயம் வேறு. அக்கா இருக்கிறாள் என்பதற்காகத் தம்பிக்கும் இடம் தருவது ஒவ்வொரு மாவட்டத்தின் விருப்பம். வரைவு விவாதத்தில் இருக்கும்போதே இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். வாரியங்கள் எளிதில் விட்டுக்கொடுக்கும் விஷயம் இது. கோடு மாற்றியதால் பள்ளி மாறுவதையும், நீங்களே கேட்டு டிரான்ஸ்ஃபர் வாங்குவதையும் விளையாட்டு விதிகள் ஒன்றாகப் பார்ப்பதில்லை. பிள்ளை அணியில் ஆடுபவர் என்றால், டிரான்ஸ்ஃபர் கேட்கும் முன் போட்டித் தகுதி ஓராண்டு போகுமா என்று பயிற்சியாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: பொது விசாரணைக் கூட்டத்தில் எங்கள் பகுதிக்காகப் பேசப் போகிறேன். எதைச் சொன்னால் எடுபடும்? (வர்ஜீனியா, ஃபேர்ஃபாக்ஸ் வாசகர்)

எதைச் சொல்லக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ‘வீட்டு விலை விழும்’ என்று சொல்லாதீர்கள். எல்லைகளை வகுக்கும் அளவுகோல்களில் இருக்கைக் கொள்ளளவு, தூரம், பேருந்து நேரம், ஃபீடர் அமைப்பு (எந்தப் பள்ளியில் முடித்தவர்கள் அடுத்து எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்பது) போன்றவைதாம் இருக்கும். சொத்து விலை இருக்காது. அதைச் சொன்ன நிமிடமே உறுப்பினர்கள் பேனாவை வைத்துவிடுவார்கள். ‘அந்தப் பள்ளி சரியில்லை’ என்பது அதைவிட மோசம். அந்தப் பள்ளியின் பெற்றோரும் அதே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். நாளை உங்கள் பிள்ளை அவர்கள் பிள்ளையோடு படிக்கப் போகிறது. ஆசியக் குடும்பங்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர்கள் என்ற பேச்சுக்கும் இது தீனி.

எடுபடுவது எண்களோடு கூடிய மாற்று யோசனை. மாவட்டம் தெருக்களைச் சிறு சிறு திட்டப் பகுதிகளாக எண்ணிட்டு வைத்திருக்கும். மேரிலாந்தின் ஹோவர்ட் கவுண்டியில் அவற்றைப் ‘பாலிகன்’ என்பார்கள். 2019-ல் அங்கே நடந்த பெரிய மாற்றத்தின்போது பேச்செல்லாம் பாலிகன் எண்ணில்தான் நடந்தது. உங்கள் பகுதியின் எண், அதில் எத்தனை மாணவர்கள், மாற்றினால் இரண்டு பள்ளிகளின் நிரம்பல் சதவீதம் எங்கிருந்து எங்கே போகும் – இதை ஒரே தாளில் அட்டவணையாக்குங்கள். ‘எங்கள் 62 பேரை நகர்த்தினால் 112 சதவீதம் 105 ஆகும், இன்னொரு பகுதியின் 70 பேரை நகர்த்தினாலும் அதே பலன், அவர்களுக்குப் பேருந்துப் பயணம் 9 நிமிடம் குறையும்’ என்பது போல. பிரச்சினையை அடுத்த தெருவின் தலையில் கட்டுவதாகத் தெரியக் கூடாது. அவர்களுக்கும் நன்மை இருக்க வேண்டும்.

இன்னொரு வலுவான வாதம், பிரிந்த ஃபீடர். எலிமெண்டரியில் ஒன்றாகப் படித்த 90 பேரில் 12 பேரை மட்டும் வேறு மிடில் ஸ்கூலுக்கு அனுப்பும் வரைவை எந்தத் திட்ட அலுவலருக்கும் நியாயப்படுத்தக் கஷ்டம். நடைபாதை இல்லாத சாலை, சிக்னல் இல்லாத கடப்பு இருந்தால் படம் எடுத்து இணையுங்கள்.

பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், முன்பதிவும் வேண்டும். ஒரே காலனியிலிருந்து பத்துப் பேர் போனால் பத்துப் பேரும் ஒன்றையே சொல்ல வேண்டாம். தூரம் ஒருவர், ஃபீடர் ஒருவர், எண்கள் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டிய 300 மின்னஞ்சல்களை ஒரே கருத்தாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும்விட நேரம் முக்கியம். ஆலோசனைக் குழு வரைவு போடும் கட்டத்தில் ஒரு தாள் செய்யும் வேலையை, வாக்கெடுப்பு நாளன்று அறை நிறைந்த கூட்டத்தாலும் செய்ய முடியாது. ஃபேர்ஃபாக்ஸ் வாரியம் 2024-ல் கொள்கையைத் திருத்தி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லைகளை முழுமையாகப் பரிசீலிப்பது என்று முடிவு செய்திருக்கிறது. இந்த முறை தப்பினாலும் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: எங்கள் தெருமுனை எலிமெண்டரியை மூடிவிட்டார்கள். வளரும் ஊரில் இப்படி நடக்குமா? (பிளேனோ வாசகி)

நடக்கிறது. பிளேனோ ஐ.எஸ்.டி. 2024-ல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. எல்லாரும் தேடிப் போகும் ஃபிரிஸ்கோவிலும் ஸ்டேலி மிடில் ஸ்கூல் 2024–25 ஆண்டோடு மூடப்பட்டது. ஒரு குடியிருப்பு கட்டிய புதிதில் வீட்டுக்கு வீடு சைக்கிள் நிற்கும். இருபது ஆண்டுகளில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள், பெற்றோர் அங்கேயே இருக்கிறார்கள். விலை ஏறிவிட்டதால் சிறு குழந்தைகள் உள்ள இளம் தம்பதிகளால் அங்கே வாங்க முடிவதில்லை. பிறப்பு விகிதமும் குறைகிறது. ஆக, புதுக் குடியிருப்பில் கோடு மாறும் அபாயம், பழைய குடியிருப்பில் பள்ளி மூடும் அபாயம். உங்கள் தெருவைப் பொறுத்தவரை, காலியான கட்டடத்தை என்ன செய்யப் போகிறார்கள் என்பதுதான் இனி விலையைத் தீர்மானிக்கும். பூட்டிக் கிடக்கும் கட்டடம் தெருவையே கெடுக்கும். முன்பள்ளியாகவோ பூங்காவாகவோ மாறினால் சமாளிக்கலாம். மறுபயன்பாடு குறித்த கூட்டங்களுக்குப் போவது உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி: ஸோன் மாறியதால் சொத்து வரி குறையுமா? (ஆஸ்டின் வாசகர்)

வரி விகிதம் மாவட்டத்துக்குரியது. உள்கோடு மாறினால் அது மாறாது. மதிப்பீட்டைக் குறைக்கச் சொல்லி முறையிடலாம்: மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30 நாள், எது பிந்தியதோ அதற்குள். ஆனால் ‘ஸோன் மாறிவிட்டது’ என்ற வாதம் மட்டும் செல்லாது. ஜனவரி 1 நிலவரப்படி, பக்கத்து வீடுகள் குறைந்த விலைக்கு விற்றதைக் காட்ட வேண்டும்.

கேள்வி: பழைய ஸோனில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுத்தால் என்ன? (டாலஸ் வாசகி)

செய்யாதீர்கள். டெக்சஸில் சேர்க்கைப் படிவத்தில் பொய்த் தகவல் தருவது குற்றம். படித்த காலத்துக்குக் கட்டணமும் கேட்கலாம். வீட்டுக்கு வந்து சரிபார்க்கும் மாவட்டங்களும் உண்டு. முறைப்படி டிரான்ஸ்ஃபர் கேளுங்கள். இடம் இருக்கும் பள்ளியில் கிடைக்கலாம்.

கேள்வி: வீட்டை விற்கிறோம். கோடு மாறப்போவதை வாங்குபவரிடம் நாங்களாகச் சொல்ல வேண்டுமா? (ஷார்லட் வாசகர்)

விற்பவர் நிரப்பும் படிவம் கூரை, குழாய், கறையான் என்றெல்லாம் கேட்கும். பள்ளி ஸோனைப் பொதுவாகக் கேட்காது. கேட்டால் தெரிந்ததை மறைத்துப் பொய் சொல்லக் கூடாது; வழக்கு வரை போகும். வாரியம் முடிவெடுத்துவிட்டது என்றால் தாமாகவே சொல்லிவிடுவதுதான் நல்லது. சாவி கைமாறும் வாரத்தில் தெரியவந்து ஒப்பந்தம் உடைவதைவிட, முதல் நாளே தெரிந்து வருபவர் உறுதியாக வாங்குவார். உங்கள் ஏஜென்ட் விற்பனைப் பட்டியலில் சென்ற ஆண்டு நிரப்பிய பள்ளிப் பெயர்கள் அப்படியே கிடக்கின்றனவா என்று நீங்களே திறந்து பாருங்கள். தகராறுகளில் கணிசமானவை அந்த மூன்று கட்டங்களிலிருந்து கிளம்புபவை. பெயருக்குப் பக்கத்தில் எந்தக் கல்வியாண்டு என்பதைப் போடச் சொல்லுங்கள். புதுப் பள்ளி எந்த ஆகஸ்டிலிருந்து என்பதையும், மாவட்டம் அனுப்பிய கடிதத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.